அமிர்தம் டீச்சரின் கருவிகள்

1

நாங்கள் ஜாம்பியாவுக்கு வந்து பத்து ஆண்டுகள் நிறைந்த நாளை, சென்ற வருடம், அனுமதி அலுவலகத்தின் வரிசையில் நின்றபடியே கழித்தோம். நாட்டின் வடபகுதியில் செம்புச் சுரங்கங்கள் சூழ்ந்த ஒரு நகரம் எங்களுடையது. நானும் என் கணவரும் இங்கே வேறு வேறு பள்ளிகளில் ஆசிரியர்கள். அவர் கணக்கு, நான் அறிவியல். வேலை அனுமதியைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

சன்னலுக்குப் பின்னால் இருக்கும் அதிகாரி நல்ல மனிதர். ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே அதே கேள்வியைக் கேட்பார்: உங்கள் குடும்பப் பெயர் என்ன? எங்கள் பக்கத்தில் அப்படி ஒன்று கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான் என்று நானும் ஒவ்வொரு முறையும் விளக்குவேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, என் மாமனார் பெயரை எங்கள் மூவருக்கும் குடும்பப் பெயராக எழுதிவிடுவார். நன்னிலம் தாலுகாவைத் தாண்டி அதிகம் போயிராத என் மாமனார் கோவிந்தசாமி, தமக்குத் தெரியாமலே ஆப்பிரிக்காவில் ஒரு வம்சத்தின் பெயராகிவிட்டார்.

மகளின் பெயருக்கு நேர்ந்தது இதைவிட மோசம். ஊரில் கட்சிக் கொடிகளும் மேடைத் தமிழும் தெருவெல்லாம் நிறைந்திருந்த காலத்தில் பிறந்தவள். அவள் அப்பா ஆசையாகத் தமிழ்ச்செல்வி என்று பெயர் வைத்தார். இங்கே பள்ளியில் அது நீளமாக இருக்கிறதென்று டாமி ஆக்கிவிட்டார்கள். நம் ஊரில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் எந்த உருப்படி வாலை ஆட்டிக்கொண்டு வரும் என்பதை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

டாமிக்குப் பதினான்கு வயது. பக்கத்து வீட்டுப் பெண்களோடு பெம்பா மொழியில் சண்டை போடுவாள், எங்களோடு ஆங்கிலத்தில் பேசுவாள். கேட்டுக்கொண்டால் மட்டும் தமிழ். "அம்மா, மழை விழுந்துக்கிட்டு இருக்கு" என்பாள். விழாது, பெய்யும் என்று முன்பெல்லாம் திருத்துவேன். எல்லா மழையும் விழத்தானே செய்கிறது என்று திருப்பிக் கேட்டாள். அதற்கப்புறம் திருத்துவதில்லை.

திருத்துவதற்கு எனக்கும் பெரிய தகுதி இல்லை. வந்த புதிதில் ஆசிரியர் கூட்டத்தில், "நாளை நான் எட்டாம் வகுப்பை எடுக்கிறேன்" என்று நம் வழக்கப்படி ஆங்கிலத்தில் சொன்னேன். தலைமையாசிரியர் முலெங்கா கவலையோடு, "எங்கே எடுத்துப் போகிறீர்கள், பஸ்ஸுக்குச் சொல்லிவிட்டீர்களா?" என்று கேட்டார்.

2

அனுமதி புதுப்பித்த அதே மாதம் எங்கள் பள்ளிக்கு ஓவர்ஹெட் புரொஜெக்டர் ஒன்று வந்தது. வெளிநாட்டு உதவி. கண்ணாடி போன்ற தாளில் எழுதி அதன் மேல் வைத்தால் எழுத்து பெரிதாகிச் சுவரில் தெரியும். இருதயத்தையும் நுரையீரலையும் பலகையில் வரைந்து வரைந்து கை ஓய்ந்தவளுக்கு அது வரம். பள்ளியே கூடி நின்று பார்த்தது.

பிறகு அது ஒரு அறைக்குள் போனது. அறைக்குப் பூட்டு, பூட்டுக்குப் பொறுப்பாளர், பொறுப்பாளருக்கு ஒரு விண்ணப்பம், விண்ணப்பத்தில் துறைத் தலைவர் கையெழுத்தும் துணைத் தலைமையாசிரியர் கையெழுத்தும். இரண்டும் ஒரே நாளில் கிடைத்தால் அன்று மின்சாரம் இருக்காது. ஆனாலும் விடாமல் கேட்டு வாங்கிப் பயன்படுத்தியது நான்தான். அதனால்தானோ என்னவோ முலெங்கா ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "சுற்றுவட்டாரத்து இளம் ஆசிரியர்கள் சனிக்கிழமை வருகிறார்கள். வகுப்பறைக் கருவிகளைப் பற்றி நீங்கள்தான் பேச வேண்டும்" என்றார்.

நான் அந்த இயந்திரத்தை நம்பித் தாள்தாளாகப் படம் வரைந்து வைத்தேன். வெள்ளிக்கிழமை அதன் பல்பு போய்விட்டது. உள்ளூரில் கிடைக்காத பல்பு. அனுப்பிய நாட்டிலிருந்தே வர வேண்டும்.

"பேச்சைத் தள்ளி வைத்துவிடலாமா?" என்று கேட்டார் முலெங்கா.

வருகிறவர்களில் பாதிப்பேருடைய பள்ளிகளில் மின்சாரமே இல்லை என்பது அப்போதுதான் என் புத்தியில் உறைத்தது. பல்பு எரிந்திருந்தால் அவர்களால் வாங்கவே முடியாத ஒன்றைக் காட்டி வாயடைக்க வைத்து அனுப்பியிருப்பேன். தள்ளி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மருந்துக் கடைக்குப் போய்க் கிளிசரின் வாங்கினேன். வழியெல்லாம் அமிர்தம் டீச்சர்தான் மனதில்.

3

இங்கே வருவதற்கு முன்பு நான் வேலை பார்த்தது நன்னிலத்துக்குப் பக்கத்தில், முடிகொண்டான் ஆற்றங்கரையில் இருந்த ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில். ஆட்சி மாறிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பாடப் புத்தகங்களில் சொற்கள் மாறிக்கொண்டிருந்தன, டீக்கடைகளில் பேச்சு மாறிக்கொண்டிருந்தது. நிலம் மட்டும் அதிகம் கை மாறவில்லை. மேலத்தெருவில் மிராசுதார் சிங்காரவேலுவும் மற்ற நிலக்காரர்களும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கீழத்தெருவில், அந்த நிலங்களில் நாற்று நட்டுக் கதிர் அறுத்தவர்கள். என் வீட்டார் எங்கள் ஊரில் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்தவர்கள். இரண்டுக்கும் நடுவில்.

அமிர்தம் டீச்சர் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக்காரர். அப்பா அம்மா இருவரும் பண்ணையில் வேலை பார்த்தவர்கள். அரசு விடுதியில் தங்கிப் படித்து, ஆசிரியப் பயிற்சி முடித்து வந்திருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். உயரம் குறைவு, குரல் கணீரென்று இருக்கும். எட்டாம் வகுப்பு அவர் பொறுப்பு. அந்த வகுப்பின் முடிவில் அரசுத் தேர்வு உண்டு. அதில் தேறினால்தான் உயர்நிலைப் பள்ளி, தவறினால் வயல்.

பள்ளியில் இருந்த கருவிகளைச் சொல்லிவிடலாம். வெளுத்துப் போன கரும்பலகை. கடல் எது நிலம் எது என்று ஊகித்துக்கொள்ள வேண்டிய ஒரு உலகப் படம். அரசு கொடுத்த ரேடியோப் பெட்டி, அதற்குப் பேட்டரி வரவில்லை. கீழத்தெருப் பிள்ளைகள் பலரிடம் புத்தகம் கிடையாது. டீச்சர் பலகையில் எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும், பிள்ளைகள் எழுதி முடிப்பதற்குள் அடுத்த பாடம் வந்துவிடும்.

ஒரு திங்கட்கிழமை அவர் இரு கைகளிலும் விரல்கள் ஊதாவாக வந்து நின்றார்.

"கையெல்லாம் என்ன டீச்சர்?"

"எட்டாங்கிளாஸ் அறிவியல்" என்றார்.

அன்று சாயங்காலம் தாம் வாடகைக்கு இருந்த அறைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். தச்சர்கள் பலகை ஒட்டுவதற்குக் காய்ச்சும் வஜ்ஜிரத்தை வாங்கிவந்து, ஊறவைத்து, கும்பகோணத்தில் வாங்கிய கிளிசரினைச் சேர்த்துக் கொதிக்கவிட்டு, ஒரு தகரத் தட்டில் ஊற்றி ஆறவைத்திருந்தார். அல்வாத் துண்டு போல ஆடாமல் அசையாமல் கிடந்தது. நாற்றம் மட்டும் தாங்க முடியவில்லை. வாய்ப்புண்ணுக்குத் தடவும் ஊதா மருந்தைச் சுகாதார நிலையத்து நர்ஸம்மாவிடம் கேட்டு வாங்கிக் கெட்டியாகக் காய்ச்சி மை ஆக்கியிருந்தார். அந்த மையால் ஒரு தாளில் பாடத்தை எழுதித் தட்டின் மேல் கவிழ்த்து அழுத்தினால் எழுத்து பாகில் இறங்கிவிடும். பிறகு வெறும் தாளை வைத்துத் தடவி எடுத்தால் அச்சு அசலாக ஏறும். வகுப்புக்குப் போதுமான தாள்கள் வரும். போகப் போக வெளிறும்.

அவர் என் கையில் ஒரு தாளைக் கொடுத்து, "நீங்களே வைங்க. நடுவுலேர்ந்து வெளிப்பக்கமா தடவுங்க, காத்து தங்கக் கூடாது" என்றார். உரித்து எடுத்தபோது என் கையில் ஒரு பூவின் உள்ளுறுப்புகள் ஊதா நிறத்தில் விரிந்தன. சூலகம், மகரந்தம், எல்லாம் பெயர்களோடு.

"எங்க கத்துக்கிட்டீங்க?"

"ட்ரெயினிங்ல ஒருநாள் சொல்லிக் குடுத்தாங்க. அவங்க சொன்ன சாமானெல்லாம் நம்ம ஊர்ல கெடைக்கல. கெடைச்சத வச்சுப் பண்ணிப் பாத்தேன். மூணு தடவ பாயசமாப் போச்சு."

அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது இதற்கப்புறம் அவர் செய்தவைதான். சித்திரை வெயிலில் பாகு இளகும் என்று தண்ணீர்ப் பானையடி ஈர மணலில் தட்டைப் புதைத்து வைப்பார். அடைமழைக் காலத்தில் கிளிசரினைக் குறைப்பார். புத்தகத்தில் உயிர்வளி என்று புதுச்சொல் வந்திருந்தது, பழைய ஆசிரியர்கள் பிராணவாயு என்றே சொன்னார்கள். தாளில் இரண்டையும் எழுதினார். "கேள்வித்தாள் எடுக்குறவரு எந்தக் காலத்து ஆளுன்னு நமக்குத் தெரியாது. எது வந்தாலும் புள்ள முழிக்கக் கூடாது" என்றார். தாளின் ஓரத்தில் எப்போதும் அகலமாக இடம் விட்டிருப்பார். கண் சரியாகத் தெரியாத பிள்ளைகள் கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக் கண்ணருகே கொண்டுபோனால் எழுத்து மறையக் கூடாது என்பதற்காக.

4

அந்தத் தை மாதம் சம்பா அறுவடையில் கூலித் தகராறு வந்தது. கீழத்தெரு கூடுதல் நெல் கேட்டது. மேலத்தெரு மறுத்து, வெளியூரிலிருந்து ஆள் இறக்கியது. பக்கத்து ஊரில் அடிதடியாகி இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மறுநாளே எங்கள் ஊருக்குப் போலீஸ் வந்து இறங்கியது. தங்குவதற்கு அவர்களுக்குக் கிடைத்த ஒரே கட்டிடம் பள்ளிக்கூடம். பெஞ்சுகள் வெளியே போயின, வகுப்பறைகளில் பாய்களும் லத்திகளும். பள்ளிக்கு மறு உத்தரவு வரும்வரை விடுமுறை.

வாய்க்கால் பாலத்தில் நடமாட்டம் நின்றது. ஒரு தெருவார் இன்னொரு தெருவுக்குள் கால் வைக்கவில்லை.

நான் ஊருக்குப் போய்விடலாம் என்றுதான் இருந்தேன். அமிர்தம் டீச்சர் வந்தார்.

"பள்ளிக்கூடத்தத்தான் பூட்டிருக்காங்க. பரீட்சையப் பூட்டல. பங்குனியில அது பாட்டுக்கு வந்துரும்."

"பிள்ளைங்க ஒண்ணா வரமாட்டாங்களே டீச்சர்."

"ஒண்ணா எதுக்கு வரணும்? நான் கீழத்தெருவுல உக்காந்துக்கறேன். நீங்க மேலத்தெரு ரைஸ்மில் கொட்டகையில உக்காருங்க. தாள் ஒண்ணுதான். ரெண்டு பக்கமும் அதே பாடம் போவட்டும்."

அப்படித்தான் நடந்தது. தினமும் காலையில் அவர் அறைக்குப் போய் அன்றைய தாள்களில் பாதியை வாங்கிக்கொள்வேன். மீதிப் பாதியோடு அவர் வரப்பு வழியாகக் கீழத்தெருவுக்குப் போய்ப் பூவரச மரத்தடியில் உட்காருவார். வேலை நிறுத்தத்தால் அந்தத் தெருவில் அடுப்பு எரிவதே அரிதாகியிருந்தது. பிள்ளைகள் பசியோடுதான் வந்தார்கள். ஆனால் வந்தார்கள். என் கொட்டகையில் மிராசுதாரின் கடைசி மகள் விஜயாவும் இருந்தாள். சுமாராகப் படிப்பாள். அந்தத் தாள்கள் வந்த பிறகுதான் அவளுக்கு அறிவியல் கொஞ்சம் பிடிபட்டது.

ஒருநாள் காலை மிராசுதாரின் களத்துக் கொட்டகைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. வெளியாளை இறக்காதே, ஊர்க்காரன் கூலியைக் கொடு என்று பென்சிலால் எழுதிய கொட்டை எழுத்து. அதைப் பிய்த்தெடுத்துத் திருப்பிப் பார்த்தபோது பின்னால் ஊதா நிறத்தில் மனித இருதயத்தின் நான்கு அறைகள்.

அன்று நான் தாள் வாங்கிக்கொண்டிருக்கும்போதே சப்-இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். கூடவே மிராசுதார் சிங்காரவேலு. வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார்.

சப்-இன்ஸ்பெக்டர் தட்டைப் பார்த்தார், மைப் புட்டியை முகர்ந்தார், அமிர்தம் டீச்சரின் விரல்களைப் பார்த்தார். அந்தத் தாளை நீட்டினார்.

"இது நீங்க அடிச்சதுதானே?"

டீச்சர் வாங்கி இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் பார்த்தார். "இருதயம் இருக்குற பக்கம் என்னுது. இந்தப் பக்கம் என்னுது இல்லீங்க."

"அப்ப யாரு எழுதுனது? உங்ககிட்ட படிக்கிற பசங்கதானே? கையெழுத்து தெரியுதா?"

எனக்கு அந்தக் கையெழுத்து பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. 'கூ' என்ற எழுத்தின் வாலைச் சுழித்து எழுதுகிற பிள்ளை எங்கள் பள்ளியில் ஒன்றே ஒன்றுதான். எனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாமல் இருக்காது. தெரியவில்லை என்று சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

"தெரியுது சார். ஆனா சொல்ல மாட்டேன்."

"டீச்சர், விளையாட்டு இல்ல இது. அரசாங்க சம்பளம் வாங்குறீங்க."

"அந்தச் சம்பளம் புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லத்தான் சார் குடுக்குறாங்க. எங்கிட்ட படிக்கிற புள்ளைய நான் புடிச்சுக் குடுத்தா, நாளைக்கு எந்தப் புள்ள எங்கிட்ட நோட்டக் கொண்டாந்து காட்டும்? என்னைய என்ன பண்ணணுமோ பண்ணுங்க."

குரல் உயரவில்லை. கை மட்டும் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. மிராசுதார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சப்-இன்ஸ்பெக்டர் தட்டையும் மைப் புட்டியையும் எடுத்துக்கொள்ளும்படி கான்ஸ்டபிளிடம் சொன்னார்.

மறுநாள் கொட்டகையில் தாள் இல்லை. நான் வாயால் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதினார்கள். விஜயா பாதியில் பேனாவை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அதற்கு மறுநாள் மிராசுதார் தாமே ரைஸ்மில்லுக்கு வந்தார்.

"நேத்துலேர்ந்து வீட்டுல பொண்ணு சாப்புடல. பாடத்தாள் வரலைங்குது. ஏன் வரல?"

"தட்டு போலீஸ்கிட்ட இருக்குங்க" என்றேன்.

"வேற தட்டு இல்லியா?"

"இருந்தாலும் பண்ணத் தெரிஞ்சவங்க அவங்க ஒருத்தர்தாங்க."

அவர் பரீட்சை எப்போது என்று கேட்டார். சொன்னேன். போய்விட்டார்.

அன்று சாயங்காலம் ஒரு கான்ஸ்டபிள் சைக்கிளில் தட்டைக் கொண்டுவந்து அமிர்தம் டீச்சரிடம் கொடுத்தார். பாகு நடுவில் வெடித்து, எறும்பு ஏறியிருந்தது. யார் சொல்லித் திரும்பி வந்தது என்று நான் டீச்சரிடம் சொன்னேன்.

"யாரு சொன்னா என்ன. உருக்கி வடிகட்டினா சரியாயிடும்" என்று சொல்லி அடுப்பைப் பற்றவைத்தார். வஜ்ஜிரம் கொதிக்கும்போது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகையா வேறு ஏதாவதா என்று நான் கேட்கவில்லை.

தாசில்தார் வந்து இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசினார். கேட்டதில் பாதி கிடைத்தது. அறுவடை நடந்தது. தேர்வுக்கு இரண்டு தெருப் பிள்ளைகளும் நன்னிலத்துக்கு ஒரே பஸ்ஸில் போனார்கள். முன் பாதியில் ஒரு தெரு, பின் பாதியில் ஒரு தெரு. யாரும் யாரோடும் பேசவில்லை. தேர்வு அறை வாசலில் எல்லோரும் ஒரே ஊதாத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு உதடுகளை அசைத்துக்கொண்டு நின்றார்கள். அந்தக் காட்சியை நான் இங்கே எத்தனையோ நாடுகளிலிருந்து வந்த ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

விஜயா தேறினாள். கீழத்தெருவிலிருந்து முதல்முறையாக இரண்டு பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்குப் போனார்கள். சிலர் தவறி வயலுக்குப் போனார்கள். 'கூ'வைச் சுழித்து எழுதிய பிள்ளையும் தேறியது. அது யார் என்று நானும் சொல்லப் போவதில்லை.

பள்ளி திறந்த வாரமே அமிர்தம் டீச்சருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. மாவட்டத்தின் கடைசி மூலை, கோடியக்கரைப் பக்கம். தட்டைத் திரும்ப வாங்கித் தந்தவரே மாற்றலுக்கும் சொல்லியிருப்பார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். இருக்கலாம். டீச்சர் எதுவும் கேட்கவில்லை, போய்க் காலில் விழச் சொன்னவர்களுக்குப் பதிலும் சொல்லவில்லை. பெட்டியைப் பஸ்ஸின் மேலே ஏற்றிவிட்டு, தட்டை மட்டும் மடியில் வைத்துக்கொண்டார். "சாஞ்சா ஒரு பக்கமா ஒதுங்கிரும்" என்றார்.

5

சனிக்கிழமை முலெங்காவின் பள்ளியில் அந்தப் பாகைத்தான் காய்ச்சினேன். இங்கே வஜ்ஜிரம் தேட வேண்டியிருக்கவில்லை, கடையில் ஜெலட்டின் பொடி கிடைத்தது. சமையலறையில் முதல்நாள் நான் சோதித்துப் பார்த்தபோது டாமி எட்டிப் பார்த்து, "இது ஸ்வீட்டா, சயின்ஸா?" என்று கேட்டாள். தொட்டு நக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். அன்று அவளுக்கு அமிர்தம் டீச்சரின் கதையைச் சொன்னேன். வழக்கமாக என் ஊர்க் கதைகளுக்குப் பாதியில் எழுந்து போகிறவள் இதற்கு உட்கார்ந்திருந்தாள். போலீஸ்காரர் கேட்ட இடத்தில், "அவங்களுக்குப் பயமா இல்லையா?" என்று தமிழிலேயே கேட்டாள்.

"இருந்துச்சு" என்றேன்.

இளம் ஆசிரியர்கள் ஆளுக்கொரு தாள் எடுத்துப் பார்த்துவிட்டு, இரண்டாவது தடவைக்கு வரிசையில் நின்றார்கள். வடக்கே ஏரிக்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்திருந்த ஒரு பெண், தன் ஊரில் ஜெலட்டின் கிடைக்காதே என்றாள். அங்கே என்ன கிடைக்கும் என்று நான் கேட்டேன். மீன் முள்ளைக் காய்ச்சினால் பசை வரும் என்றாள் இன்னொருத்தி. பிறகு அவர்களே பேசிக்கொண்டார்கள், நான் ஒதுங்கிக்கொண்டேன். சில மாதம் கழித்து அந்த ஏரிக்கரைப் பெண் ஒரு தாளை அனுப்பியிருந்தாள். பெம்பா மொழியில் கொசுவின் வாழ்க்கை, ஊதா நிறத்தில், கொஞ்சம் மீன் வாசனையோடு. முலெங்கா அதைக் கண்ணாடி போட்டு அலுவலக அறையில் மாட்டியிருக்கிறார்.

6

இந்தப் பங்குனியில் விடுப்பில் ஊருக்குப் போனோம். கோடியக்கரைக்குப் போகலாம் என்று நான் சொன்னபோது, பறவைகளைப் பார்க்கவா என்று கேட்டார் என் கணவர். டாமிதான், "இல்லப்பா, டீச்சரைப் பாக்க" என்றாள்.

வேதாரண்யத்தில் பஸ் மாறினோம். இரு பக்கமும் உப்பளம், கண் கூசும் வெள்ளை. அமிர்தம் டீச்சர் இப்போது தலைமையாசிரியர். முன்நெற்றி முடி நரைத்திருக்கிறது, குரல் அப்படியே இருக்கிறது. விரல்களில் ஊதா இல்லை. அரசு இப்போது புத்தகம் இலவசமாகக் கொடுக்கிறது என்றார்.

"ஆனா இங்க பிரச்சன வேற வசந்தா டீச்சர். உப்பு சீசன் வந்தா புள்ளைங்கள அப்பா அம்மா அளத்துக்குக் கூட்டிட்டுப் போயிடறாங்க. புத்தகம் இருக்கு, புள்ள இல்ல. வாங்க, நடந்துக்கிட்டே பேசலாம்."

வகுப்பறையில் பாதி இடம் காலியாக இருந்தது. அவர் அதைப் பார்த்து வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. எங்களை உப்பளத்தின் ஓரத்தில் ஒரு டீக்கடைக்குக் கூட்டிப் போனார். கடைக்காரர் கல்யாணங்களுக்கு மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். கூரைமேல் உப்பளத்தைப் பார்த்தபடி ஒரு குழாய் ஒலிபெருக்கி. காலையெல்லாம் சினிமாப் பாட்டு போட்டுக்கொண்டிருந்தார்.

"மணியாச்சு, போடுங்க" என்றார் டீச்சர்.

கடைக்காரர் பாட்டு கேசட்டை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டார். ஒலிபெருக்கியில் அமிர்தம் டீச்சரின் குரல் அளம் முழுவதும் பரவியது. வணக்கம் சொல்லி, இன்றைக்கு என்ன கிழமை, என்ன பாடம் என்று சொன்னது. தூரத்தில் பாத்தி பாத்தியாகக் குனிந்து நீண்ட பலகையால் உப்பை வாரிக்கொண்டிருந்தவர்களில் சின்ன உருவங்கள் சில நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்தன.

"சொந்தமா ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கினேன்" என்றார் டீச்சர். "வாரத்துக்கு ஒரு கேசட்டு பேசிக் குடுத்துருவேன். இவரு பாட்டுக்கு நடுவுல போடுவாரு. அளத்து முதலாளி மொதல்ல மொணங்கினாரு. வேல நிக்கல, கை ஓடிக்கிட்டேதான் இருக்குன்னு பாத்துட்டு விட்டுட்டாரு."

"கடலில் இருந்து போன தண்ணீர் மறுபடியும் எப்படிக் கடலுக்கு வருது?" என்று கேட்டது ஒலிபெருக்கி.

பிறகு எதுவும் இல்லை. குழாயிலிருந்து இரைச்சல் மட்டும் வந்தது. டாமி கூரையைப் பார்த்தாள், கடைக்காரரைப் பார்த்தாள்.

"டீச்சர், டேப் நின்னுபோச்சு."

"நிக்கலம்மா, ஓடுது."

"அப்ப ஏன் இவ்ளோ கேப் விட்டீங்க?"

அமிர்தம் டீச்சர் அவளைத் தோளைப் பிடித்து உப்பளத்தின் பக்கம் திருப்பினார். "அங்க பாரு. கேள்வி காதுல விழணும். வாரிக்கிட்டு இருக்குற பலகைய நிறுத்தணும். முதுக நிமித்தணும். அப்பறம்தானே பதில் சொல்ல முடியும். நானும் ஒரு நாள் பலகையப் புடிச்சு வாரிப் பாத்துட்டுத்தான் அந்த நேரத்த வச்சேன்."

நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். பக்கத்துப் பாத்தியில் ஒரு பெண் பிள்ளை பலகையை நட்டு வைத்து, இடுப்பில் கை கொடுத்து நிமிர்ந்தாள். அதற்கடுத்த பாத்தியில் இரண்டு பேர். அப்பால் அவர்களுடைய அம்மாக்களும் சிலர் நிமிர்ந்தார்கள். டாமி என் பக்கத்தில் உதட்டை அசைத்துத் தமிழ்ச் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"மழையாப் பேஞ்சு வருது டீச்சர்" என்ற பதில், முதலில் கிட்டேயிருந்தும், பிறகு தூரத்திலிருந்தும், கடைசியாக, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு பாத்தியிலிருந்தும் வந்தது. அது அடங்குகிற வரை குழாய் பொறுத்திருந்தது. பிறகு, என்றைக்கோ பேசி வைத்த அந்தக் குரல், "சரியாச் சொன்னீங்க" என்றது.